பீடத்தருகே முதல் மாடம்

நித்திய இளைப்பாறுதலின் விலை, புனித ஸ்விதின் ஆலயத்தில், இரண்டாயிரத்து நானூறு டாலர். பெயர் பொறித்த பித்தளைத் தகடு அதில் அடக்கம். பீடத்தின் பக்கம் போகப் போக விலை ஏறும். கொதிகலன் அறையின் பக்கம் வர வர இறங்கும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே எக்காளத்துக்குத்தான் எழுந்திருக்கப் போகிறார்கள். ஆனாலும் அதுவரை காத்துக் கிடக்கும் இடம் நல்ல இடமாக அமைய வேண்டும் என்று மனிதர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த மாதிரி ஆசைகளை வைத்துத்தான் டெல்பர்ட் ப்ரூயிட்டின் குடும்பம் மூன்று தலைமுறையாக அடுப்பு எரித்துக்கொண்டிருந்தது.

டன்ஸ்பெரி துறை என்ற ஆற்றங்கரை ஊரில் பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிற கடை அவருடையது. மாதம் இரண்டு ஏலமும் விடுவார். சபையில் கட்டடப் பொறுப்பும் அவரிடம்தான்; ஓடு விழுந்தாலும் குழாய் உறைந்தாலும் டெல்பர்ட்டைக் கூப்பிடுவார்கள். ஆலயத்தின் தென்சுவரில் இறந்தவர்களின் சாம்பலை வைக்க மாடங்கள் கட்டியபோது, அவற்றை விற்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. மற்ற பொறுப்பாளர்கள் விலை சொல்ல வேண்டிய இடம் வந்ததும் இருமுகிறவர்கள். டெல்பர்ட் இருமமாட்டார்.

அவரைப் பேரத்தில் ஜெயித்தது மிஸ் லவீனியா ஹெய்ன்ஸ் மட்டும்தான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். நாற்பது வருடமாகப் பீடத்துத் துணி, மெழுகுவர்த்தி, அப்பம், திராட்சரசம் எல்லாம் அந்த அம்மாளின் கையில். பீடத்தை ஒட்டிய முதல் மாடத்தை ஓர் இலையுதிர் காலம் முழுவதும் பேரம் பேசி, கொதிகலன் பக்கத்து விலைக்கே வாங்கிவிட்டார்.

"எனக்கு அந்த இடந்தான் வேணும், மிஸ்டர் ப்ரூயிட். பீடத்துணி ஒரு பக்கம் தொங்குனா அங்கேருந்துதான் தெரியும்."

"செத்த பெறகும் மேற்பார்வையா, மிஸ் லவீனியா?"

"உயிரோட இருக்கறவங்க ஒழுங்கா செஞ்சா நான் ஏன் வரப்போறேன்?"

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அந்த அம்மாள் இறந்தார். அஸ்திக்குக் கலசம் வாங்குவது வீண் செலவு என்று முன்பே சொல்லி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தார். சாம்பல் அதில்தான் வந்து சேர்ந்தது. ஒரே உறவான அண்ணன் மகன் ஒரிகானிலிருந்து வசந்தத்தில் வந்த பிறகு மாடத்தில் வைப்பதாக ஏற்பாடு; அதுவரை டப்பா டெல்பர்ட்டின் பொறுப்பில்.

அதற்குள் வாஷிங்டன்காரத் தம்பதி ஒன்று வந்தது. ஆற்றோரம் வார இறுதி வீடு கட்டியவர்கள். முதல் மாடத்தைப் பார்த்தார்கள், நாலு மடங்கு விலை சொன்னார்கள். ஆர்கன் வாத்தியத்தின் மேல் கூரை ஒழுகிக்கொண்டிருந்த சமயம். டெல்பர்ட் ஒரு ராத்திரி யோசித்தார், காலையில் விற்றுவிட்டார். மிஸ் லவீனியாவுக்குக் கொதிகலன் அறைக் கதவை ஒட்டிய கடைசி மாடம். கேட்க வரப்போவது யார்? டப்பாவைப் பீடத்துக்குப் பின்னாலிருந்த பண்ட அறையில், அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். இடம் மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

அதுவரை எல்லாம் சாதாரண வியாபாரம்.

*

லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு காலை, வழக்கம்போல் டெல்பர்ட்தான் முதல் ஆளாக ஆலயத்துக்கு வந்தார். மனைவி கோரீனும் கூட வந்தாள். வண்டியில் ஏறியதிலிருந்து அவள் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடைப் பாலம் தாண்டும்போது ஒரே ஒரு தரம் பேசினாள்.

"ஹீட்டரைக் குறைங்க, மிஸ்டர் ப்ரூயிட்."

டெல்பர்ட் சிரித்தார். நெற்றியில் சாம்பல் சிலுவை இடும் சாம்பல் புதன் ஆராதனைக்கு வராமல் அக்கரையில் ஏலத்துக்குப் போனதற்காக மூன்று நாளாக அவள் இப்படித்தான் குத்திக்கொண்டிருந்தாள் என்பது அவர் நினைப்பு. மரியாதை கூடினால் கோபம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வீடு உள்ளதுதான்.

கதவைத் திறந்ததும் ஆலயத்தின் பழைய மணம் வந்து முகத்தில் படிந்தது. மெழுகு, ஈரக் கம்பளி, ஆற்றுச் சேறு, எங்கோ செத்த எலி. நூற்றைம்பது வருடத்துக் குளிர் கல்லுக்குள்ளிருந்து மெல்ல மூச்சுவிட்டது. அவர் கொதிகலனைப் பற்றவைத்தார். குழாய்கள் முனகின, இருமின, பிறகு தட்டத் தொடங்கின. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது.

பழக்கமில்லாதது வேறொன்று. லாவெண்டர் போட்ட கஞ்சியின் வாசனை. சூடான இஸ்திரிப் பெட்டியின் கீழே துணி வேகும் வாசனை.

அந்தக் கஞ்சியை ஊரில் ஒருத்தர்தான் காய்ச்சினார். அவர் டப்பாவுக்குள் இருந்தார்.

ஜனங்கள் வந்து அவரவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் யாரும் இடம் ஒதுக்கித் தரவில்லை. ஆனாலும் ஒருவர் இடத்தில் மற்றவர் உட்கார்ந்துவிட்டால் பேரன் காலம் வரை பேச்சு இருக்காது. ஓய்வு பெற்ற நண்டுப் படகுக்காரர் கேப்டன் எபென் தூணுக்குப் பின்னால். மிஸ் லவீனியாவுக்குப் பிறகு பீடத்துப் பொறுப்பை ஏற்ற வில்லா மே ஜன்னலோரம். டெல்பர்ட்டும் கோரீனும் நடுவில். இளம் குருவானவர் மதர் இமோஜென் ஊதா அங்கியில் முன்னே வந்தார். அவர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சுறுசுறுப்பு அதிகம், குரல் சிறியது.

பாவ அறிக்கையின் இடம் வந்தது. எல்லோரும் முழங்கால் போட்டார்கள். மதர் இமோஜென் தொடங்கிக் கொடுத்தார். டெல்பர்ட் வாய் திறந்தார்.

அவர் குரல் மட்டும் கேட்டது.

காலி மண்டபத்தில் ஏலம் கூவியது போல் அது தனியே நின்றது. அரை மூச்சு நேரம் வேறு ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகுதான் சபை முழுவதும் சேர்ந்து பேசியது. ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கத்தரித்தாற்போல் நறுக்கென்று.

மிஸ் லவீனியா அப்படித்தான் சொல்வார். எந்த மறுமொழியையும் மற்றவர்களைவிட அரை மூச்சு பிந்தி. ஆமென் உட்பட. கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் அந்த அம்மாளுக்கு.

டெல்பர்ட் பக்கத்தில் பார்த்தார். கோரீனின் உதடுகள் அந்தத் தாளத்தில் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் பீடத்துணியின் இடது ஓரத்தில் இருந்தன.

ஓரம் ஒரு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம். சின்னச் சபையில் எல்லோரும் எல்லோரிடமும் போவார்கள், அரட்டையும் நடக்கும். அன்று அரட்டை இல்லை. கேப்டன் எபென் வந்து டெல்பர்ட்டின் கையைப் பிடித்தார். கிழவரின் கட்டைவிரல் அவர் உள்ளங்கையின் நடுவில் அழுந்தியது. துணியில் கஞ்சி ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற அழுத்தம். சிறு வயதிலிருந்து டெல்பர்ட்டை 'டேய் டெல்பர்ட்' என்றே கூப்பிட்டுப் பழகியவர் கேப்டன்.

"எனக்குச் சூடு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, மிஸ்டர் ப்ரூயிட்?"

"என்ன கேப்டன்?"

கிழவர் கண் சிமிட்டினார். "என்னடா? சமாதானம்னு சொன்னேன். காது அடைச்சுப் போச்சா?"

அடுத்து வில்லா மே வந்தாள். அதே கட்டைவிரல், அதே இடம்.

"அங்கேருந்து பீடம் தெரியலையே."

அவளுக்குப் பின்னால் நின்றவர் இன்னும் தாழ்ந்த குரலில்:

"எம் இடத்துல யாரு?"

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு கையும் ஐஸ் தண்ணீரில் அலசி எடுத்தது போல் இருந்தது. விட்டதும் அவரவர் முகம் அவரவரிடம் திரும்பிவிட்டது.

கோரீன் கடைசியாக அவர் பக்கம் திரும்பினாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, ஓர் அடி பின்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

*

ஆராதனை முடிந்தால் பக்கத்துக் கூடத்தில் காப்பி. பன்றித்தொடைக் கறி வைத்த சிறு ரொட்டி, காரம் தூவிய முட்டை, அடுக்கடுக்கான கேக். அங்கே எல்லோரும் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள், சாதாரணமாகப் புறம் பேசினார்கள். அதைப் பார்த்து டெல்பர்ட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கேப்டன் எபென் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஏம்மா வில்லா, புதன்கெழம வச்சது சாம்பலா மணலா? உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி இருந்துது. நாலு தரம் கழுவிட்டேன், இன்னும் அரிக்குது."

"கேப்டனுக்கு அரிக்கிறது பாவம். சோப்புப் போட்டா போகாது," என்றாள் வில்லா மே. சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லணும்னா, எனக்கே சந்தேகந்தான். போன வருஷக் குருத்தோலய எரிச்சா கருகருன்னு பூ மாதிரி இருக்கும். இது வெளிறிப்போய் இருந்துது. டீ வடிகட்டியில ரெண்டு தரம் சலிச்சேன், அப்பவும் குருணை நின்னுது. சின்ன உரல்ல போட்டு இடிச்சு, எண்ணெய் விட்டுக் கொழைச்சேன்."

டெல்பர்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த டப்பாலேருந்து எடுத்தே?"

"மிஸ் லவீனியா எப்பவும் வச்சிருப்பாங்களே, பிஸ்கட் டப்பா. மேல் தட்டுல. ஏன்?"

அவர் பண்ட அறைக்குப் போனார். அலமாரியைத் திறந்தார். மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தால் கறுப்புச் சாம்பல், விளிம்பு வரை, தொடாதது. மேல் தட்டில் இன்னொன்று. அதை எடுக்கும்போதே எடை குறைந்திருந்தது தெரிந்தது.

மேல் தட்டு டப்பாவில் பாதிதான் இருந்தது. வெளிறிய, கரகரப்பான பாதி.

மிஸ் லவீனியாவின் மீதிப் பாதியை வில்லா மே இடித்துக் குழைத்து, மதர் இமோஜென் கட்டைவிரலில் தொட்டு, சபையின் நெற்றி நெற்றியாகச் சிலுவை போட்டிருந்தார். மண்ணுக்குத் திரும்புவதை நினைவூட்டுவதற்காக. அன்று அந்த வரிசையில் நிற்காதவர் டெல்பர்ட் ஒருவர்தான். கோரீன் நின்றிருந்தாள்.

முதல் மாடத்தில் வைத்துப் பூட்ட வேண்டிய டப்பா. அந்த மேல் தட்டுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், பதில் அவரிடம் மட்டுமே இருந்தது.

"மிஸ்டர் டெல்பர்ட், என்ன ஆச்சு?" வாசலில் வில்லா மே.

"ஒண்ணுமில்ல," என்றார் டெல்பர்ட். "எலி."

*

திங்கட்கிழமை அவர் வாஷிங்டன்காரர்களிடம் போய், வாங்கியதற்கு மேல் கொடுத்து மாடத்தைத் திரும்ப வாங்கினார். ப்ரூயிட் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். மறுநாள் நடுப்பகலில் தனியே போய், பாதி டப்பாவை முதல் மாடத்தில் வைத்துக் கல் மூடியைத் திருகினார். முடிந்தது, பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது கோரீன் சாப்பாட்டு மேசையருகே நின்றிருந்தாள். வீட்டிலிருந்த கைத்துடைப்புத் துணிகள் எல்லாம் ஒன்பது சதுரமாக மடித்து அடுக்கியிருந்தன. பீடத்துத் துணி அப்படித்தான் மடிப்பார்கள். மேசையில் ஒரே ஒரு தட்டு.

"கோரீன்."

அவள் திரும்பவில்லை.

"கோரீன், நாந்தான். டெல்."

"இந்த வீட்டுல ஆம்பளைங்க செருப்போட உள்ள வர்றதில்ல," என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை தன் தங்கையின் பெயர் அவளுக்கு நினைவில்லை. வியாழக்கிழமை கல்யாணப் போட்டோவைக் காட்டினார். அதிலிருந்த பெண்ணைப் பார்த்து, 'இந்தப் பொண்ணு நிமிர்ந்து நிக்கலாமே' என்றாள். சத்தம் போட்டுச் சிரிப்பாள் அவர் மனைவி. சிரித்து இருமல் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில் இப்போது உதட்டோரம் ஒரு சின்னச் சுருக்கம். அவளைத் தவணை முறையில் யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிந்தது.

*

இரண்டாம் ஞாயிறு. ஆற்றின் மேல் மூடுபனி. மணி அடித்தபோது சத்தம் பஞ்சில் சுற்றியது போல் வந்தது.

இந்தத் தரம் ஜனங்கள் உள்ளே வரும்போதே பேசவில்லை. கேப்டன் எபென் தொப்பியைக் கழற்றி ஒன்பதாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மதர் இமோஜெனின் சிறிய குரல்கூடக் கடினப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அரை மூச்சு நின்றது. அவரும் புதன்கிழமை தன் நெற்றியில் இட்டுக்கொண்டவர்தான்.

சமாதானம் சொல்லும் நேரம்.

யாரும் அசையவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் டெல்பர்ட் பக்கம் திரும்பினார்கள்.

"பாதிச் சரக்கைக் குடுத்துட்டு முழுசுக்குக் கையெழுத்துக் கேக்கறீங்களா, மிஸ்டர் ப்ரூயிட்?"

முப்பது வாய். ஒரு குரல். கிழவரின் தொண்டையிலும், ஆர்கன் வாசிக்கும் பெண்ணின் தொண்டையிலும், பக்கத்தில் நின்ற மனைவியின் தொண்டையிலும்.

லாவெண்டர் கஞ்சி வாசனை மூச்சை அடைத்தது.

டெல்பர்ட் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சபையில் ஆராதனை நடுவே யாரும் எழுந்து பேசியதில்லை. தீப்பிடித்தால்கூடக் காகிதத்தில் எழுதித்தான் அனுப்புவார்கள். அவர் பேசினார்.

"நாந்தான் வித்தேன். மிஸ் லவீனியாவோட மாடத்தை நாலு மடங்குக்கு வித்தேன். யாருக்கும் தெரியாம அவங்கள அலமாரில வச்சேன். வில்லா எடுத்தது குருத்தோலச் சாம்பல் இல்ல. உங்க நெத்தியில இருக்கறது அவங்க."

குழாய்கள் தட்டுவது நின்றுபோனது.

முதலில் உடைந்தது வில்லா மே. "நான் இடிச்சேனே," என்றாள். அது அவளுடைய சொந்தக் குரல். "ஐயோ, உரல்ல போட்டு இடிச்சேனே."

மதர் இமோஜென் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் மெழுகாகியிருந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பிறகு அங்கியின் கையை மடித்தார்.

"வில்லா, சுத்தமான துணி எல்லாம் கொண்டாங்க. தண்ணி கொண்டாங்க. மிஸ்டர் டெல்பர்ட், மாடத்தத் தெறங்க. எடுத்தத எடுத்த எடத்துல வைப்போம்."

"கழுவியாச்சே மதர்," என்றார் கேப்டன் எபென் பலவீனமாக. "பத்து நாள் ஆச்சு. நெத்தியில என்ன இருக்கு?"

"வந்து முழங்கால் போடுங்க."

கிழவர் பீடத்துக் கம்பியருகே முழங்கால் போட்டார். மதர் இமோஜென் ஈரத் துணியை அவர் நெற்றியில் ஒற்றி எடுத்தார்.

துணியில் ஒரு சிலுவை இருந்தது.

சாம்பல் நிறத்தில். புதிதாக. குருணையோடு.

கிழவர் ஆழ்ந்து மூச்சுவிட்டார். "டேய் டெல்பர்ட்," என்றார் தழுதழுத்து. "ஒனக்கு இருக்குடா, வெளிய வா."

அந்தத் திட்டைப் போல இனிமையான ஒன்றை டெல்பர்ட் அதற்கு முன் கேட்டதில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலிருந்தும் ஒரு சிலுவை. வில்லா மே துணிகளை வாங்கி ஒன்பதாக மடித்தாள். டெல்பர்ட் அவற்றை மாடத்துக்குள் டப்பாவைச் சுற்றி அடுக்கினார். எழுந்து போனவர்கள் தடுமாறி, சுற்றிலும் பார்த்து, அவரவர் இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். கஞ்சி வாசனை மெல்லக் குறைந்தது. மதர் இமோஜென் தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

கடைசியாகக் கோரீன்.

துணியில் சிலுவை வந்தது. எல்லோருடையதையும்விடத் தெளிவாக.

டெல்பர்ட் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். "கோரீன்? வீட்டுக்குப் போலாமா?"

அவள் கண் திறந்தாள். அரை மூச்சு கழித்துப் பேசினாள்.

"இன்னும் முழுசா வரலையே, மிஸ்டர் ப்ரூயிட்."

"எல்லாரும் குடுத்துட்டாங்க! புதன்கெழம இங்க வந்த அத்தனை பேரும் குடுத்தாச்சு!"

அவருக்குப் பின்னால் மதர் இமோஜென் மெல்லச் சொன்னார்: "படகுத்துறை."

"என்ன?"

"புதன்கெழம காலையில... கோயிலுக்கு வர முடியாதவங்களுக்குன்னு நான் படகுத்துறையில போய் நின்னேன். அக்கரைக்குப் போற வண்டிங்க வரிசையா நிக்குமே. கண்ணாடிய எறக்கினவங்க நெத்தியில எல்லாம் வச்சேன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "லாரி டிரைவருங்க, நர்சுங்க, ஸ்கூல் பஸ்ஸுல போனவங்க. சிமிழ் காலியாச்சு. திரும்பி வந்து நெரப்பிக்கிட்டுப் போனேன்."

"எத்தனை பேரு?"

"எண்ணல."

"யாரு யாருன்னாவது..."

"தெரியாது, மிஸ்டர் டெல்பர்ட். ஜன்னல் வழியா நெத்தி மட்டுந்தான் பாத்தேன்."

கோரீன் எழுந்து நின்றாள். பாவாடைச் சுருக்கத்தை நீவினாள். நடந்துபோய்ப் பீடத்துணியின் இடது ஓரத்தை ஒரு விரற்கடை உயர்த்திவிட்டாள். திரும்பி டெல்பர்ட்டைப் பார்த்தபோது அந்த முகத்தில் கோபம்கூட இல்லை.

"மீதி வர்ற வரைக்கும் எனக்கு உக்கார ஒரு எடம் வேணுமில்ல?" என்றாள், வியாபாரம் பேசும் நிதானத்தில். "என் எடத்த வித்தவரு நீங்க. உங்களுதுலதான் உக்காரணும்."

அந்த வார்த்தைக்கு எதிர்ப்பேரம் அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வாசலைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துக் கதவையும் தாண்டி, வண்டியருகே வந்ததும் கோரீன் நின்றாள். குளிரில் தோளைக் குறுக்கினாள்.

"டெல், எனக்குப் பசிக்குது," என்றாள். "நீ ஏன் அழறே?"

*

அடுத்த ஞாயிறு பாவ அறிக்கையைச் சபை ஒழுங்காகச் சொன்னது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் அரை மூச்சு பிந்தி வந்தது. பக்கத்தில் கோரீனின் குரலும்.

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் லாரிக் கம்பெனியின் சட்டை போட்ட, கழுத்தே இல்லாத ஒரு பெரிய ஆள். அவனுடைய லாரி, எஞ்சினை நிறுத்தாமல், வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் பாப்டிஸ்டு சபைக்காரன்," என்றான் அவன், கம்பியருகே முழங்கால் போட்டபடி, குழம்பிப்போய். "இந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்ல. ரோட்டுல போய்க்கிட்டு இருந்தேன். கை தானா வளைச்சுது. இங்க ஏதோ துணி தொங்குதுன்னு தோணிச்சு."

துடைத்தார்கள். சிலுவை வந்தது. அவன் எழுந்து, இன்னும் பெரிதாக விழித்து, இரண்டு முட்டையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு நர்சு. வேறொரு மாநிலத்துப் பலகை மாட்டிய வண்டி. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று மூன்று பேர், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டார்கள். சில ஞாயிறு யாருமே வருவதில்லை. வில்லா மே துணி மடித்துத் தயாராக வைத்திருக்கிறாள். யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தச் சபையில் அது மரியாதை. கதவைத் திறந்து வைத்துவிட்டு டெல்பர்ட் படிக்கட்டில் நின்று நெடுஞ்சாலையைப் பார்க்கிறார். வேகம் குறைக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் அவர் ஒரு படி கீழே இறங்குகிறார். பெரும்பாலும் அவை பெட்ரோல் போடப் போகின்றன.

திங்களிலிருந்து சனி வரை கோரீன் வாய்விட்டுச் சிரிக்கிறாள், கடையில் விலையைக் குறைத்துச் சொல்லி அவரிடம் திட்டு வாங்குகிறாள், தங்கையோடு மணிக்கணக்கில் போனில் பேசுகிறாள். சனி இரவு படுக்கும்போது அவர் அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து வைத்துக்கொள்கிறார். காலையில் தூரத்து மணி அடிக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவள் எழுந்து உட்கார்ந்து, அரை மூச்சு நிதானித்து, 'நேரமாச்சு, மிஸ்டர் ப்ரூயிட்' என்கிறாள்.

டெல்பர்ட்டுக்கு மனக்கணக்கு கைவந்த கலை. படிக்கட்டில் நிற்கும்போதெல்லாம் அதைக் கூட்டிப் பார்க்கிறார். சபையிலிருந்து வந்தது முப்பது நெற்றி. ரோட்டிலிருந்து வந்தது இதுவரை பதினொன்று. சாலையில் சுற்றிக்கொண்டிருப்பது எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

மனைவியின் கணக்கு: வாரத்துக்கு ஆறு நாள் வரவு. ஞாயிறு பாக்கி.